கறுப்புத் தட்டில் வளர்ந்த நுண்ணுயிர்

1976ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்கா தன் விடுதலையின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஃபிலடெல்ஃபியா நகரில் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபர்ட் என்னும் பழைமையான, பெயர்பெற்ற தங்குவிடுதி ஒன்று இருந்தது. அங்கு ஜூலை 21 முதல் 24 வரை அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநில மாநாடு நடைபெற்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கலந்துகொண்டனர். பழைய நண்பர்களைச் சந்தித்த மகிழ்ச்சியோடு அவர்கள் வீடு திரும்பினர்.

சில நாள்களில் அவர்களுள் பலர் நோயில் விழுந்தனர். கடும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். மருத்துவமனையில் எடுத்த ஊடுகதிர்ப் படங்களில் நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சி தெரிந்தது. மாநாட்டில் கலந்துகொள்ளாமல் விடுதிக்கு வெளியே தெருவில் நடந்துபோனவர்களுள் சிலருக்கும் அதே நோய் வந்தது. மொத்தம் 221 பேர் நோயுற்றனர். அவர்களுள் 34 பேர் இறந்தனர்.

நோய்க்குக் காரணம் என்ன? உணவா, நீரா, நச்சு வாயுவா, புதுவகைச் சளிக்காய்ச்சலா? செய்தித்தாள்கள் நாள்தோறும் ஒரு விளக்கம் தந்தன. நிக்கல் கார்பனைல் என்ற நச்சுப்பொருள்மீது சிலர் ஐயம் கொண்டனர். நாட்டின் சிறந்த ஆய்வாளர்கள் பல வாரங்கள் உழைத்தும் விடை கிடைக்கவில்லை. அச்சத்தால் விருந்தினர் வரத்து குறைந்து, அந்த விடுதி நவம்பர் மாதத்தில் மூடப்பட்டது.

இவ்வளவு பேரைத் தாக்கிய ஒரு கிருமியை ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதைப் புரிந்துகொள்ள, ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவை எப்படி வளர்க்கிறார்கள் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தனிப் பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அதற்கேற்ற உணவைத் தந்து, ஏற்ற வெப்பநிலையில் வைத்தால் அது இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும், இப்படிப் பெருகிக் கோடிக்கணக்கில் ஓரிடத்தில் குவியும்போது ஒரு சிறு புள்ளியாக நம் கண்ணுக்குத் தெரியும். அந்தப் புள்ளியைக் காலனி என்பர். பாக்டீரியாவுக்கு அளிக்கும் உணவு வளர்ப்பு ஊடகம் எனப்படும். தட்டையான வட்டக் கிண்ணத்தில் அதை ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். கெட்டியாக்கும் பொருள் உங்களுக்குத் தெரிந்ததுதான். விருந்துகளில் வண்ண வண்ணமாக வெட்டிவைக்கப்படும் அதே அகார்-அகார். மலாய்ச் சொல்லே உலகெங்கும் அறிவியல் சொல்லாகிவிட்டது. ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்துக்கு 1881ஆம் ஆண்டளவில் இந்தப் பொருளைப் பரிந்துரைத்தவர், அங்கு பணியாற்றிய ஓர் ஆய்வாளரின் மனைவியான ஃபான்னி ஹெஸ்ஸே. ஜாவாவில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து அவர் அதைப் பற்றி அறிந்திருந்தார். நம் வட்டாரத்துச் சமையலறை நுண்ணுயிரியலுக்குத் தந்த இந்தக் கொடையைப் பாடநூல்கள் ஏனோ அதிகம் பேசுவதில்லை.

நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் பல, ஆட்டின் இரத்தம் கலந்த அகார்த் தட்டில் ஒரே இரவில் வளர்ந்துவிடும். ஃபிலடெல்ஃபியா நோயாளிகளின் நுரையீரல் திசுவை அத்தகைய தட்டுகளில் தடவிப் பார்த்தனர். நோய்க்குக் காரணம் என்று சொல்லத்தக்க எதுவும் வளரவில்லை. நுண்ணோக்கியில் பார்க்க வழக்கமாகப் பயன்படுத்தும் கிராம் சாயத்தையும் அந்தக் கிருமி எளிதில் ஏற்கவில்லை. ஆகவே, காரணம் பாக்டீரியாவாக இருக்காது என்ற எண்ணம் வலுப்பெற்றது. வெற்றுத் தட்டைக் கண்டு எடுத்த முடிவு அது. தட்டில் எதுவும் வளரவில்லை என்பதற்கு உண்மையில் இரண்டு பொருள் உண்டு: அங்கே பாக்டீரியா இல்லை என்பது ஒன்று, நாம் வைத்த உணவு அதற்கு ஏற்றதாக இல்லை என்பது மற்றொன்று.

அட்லாண்டா நகரிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர், சார்லஸ் ஷெப்பர்ட் என்பவரின் தலைமையில் பணியாற்றினார். ரிக்கெட்சியா எனப்படும் மிகச்சிறிய பாக்டீரியாக்கள் அவரது துறை. அவை உயிருள்ள செல்களுக்குள் மட்டுமே வளரும். எனவே, அவற்றைத் தேடுபவர்கள் அகார்த் தட்டை நம்புவதில்லை. நோயாளியின் திசுவைக் கினிப் பன்றிக்குள் செலுத்துவார்கள். அது நோயுற்றால், அதன் திசுவைக் கருவுள்ள கோழி முட்டைக்குள் செலுத்துவார்கள். மெக்டேட்டும் அப்படியே செய்தார். கினிப் பன்றிகளுக்குக் காய்ச்சல் வந்தது. அவற்றின் திசுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோல் வடிவப் பாக்டீரியாக்கள் தென்பட்டன. அவை வெளியிலிருந்து தற்செயலாகக் கலந்தவை என்று அவர் கருதினார். முட்டையில் செலுத்தியபோது, வேண்டாத பாக்டீரியாக்கள் வளராதிருக்க வழக்கப்படி நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் சேர்த்தார். முட்டையில் எதுவும் வளரவில்லை.

அந்த மருந்து தடுத்தது, தேடிய கிருமியையே.

டிசம்பர் மாத இறுதியில், ஆண்டு முடிவதற்குள் மிச்சமிருந்த வேலைகளை முடிக்க எண்ணிய மெக்டேட் அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தார். நுண்ணோக்கியின் கீழ் ஓரிடத்தில் அந்தக் கோல் வடிவப் பாக்டீரியாக்கள் ஒரு கொத்தாகக் கிடந்தன. வெளியிலிருந்து தற்செயலாக விழுந்தவை இப்படித் திசுவுக்குள் கூட்டமாக இருக்குமா? ஐயம் எழுந்தது. இம்முறை மருந்து எதுவும் கலக்காமல் முட்டைகளில் செலுத்தினார். கருக்கள் இறந்தன, அவற்றில் அந்தப் பாக்டீரியா நிறைந்திருந்தது. அடுத்து, நோயாளிகளிடமிருந்து முன்பே எடுத்துச் சேமித்திருந்த சீரத்தை அதனோடு சேர்த்துச் சோதித்தனர். நோயின் தொடக்கத்தில் எடுத்த சீரத்தைவிட, குணமடைந்துவந்த காலத்தில் எடுத்த சீரத்தில் இந்தப் பாக்டீரியாவுக்கு எதிரான நோய் எதிர்ப்பொருள் பெருகியிருந்தது. 1977ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் இந்தக் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. பின்னர் 1979இல் இதற்கு லெஜியோனெல்லா நியூமோஃபிலா என்ற பெயர் சூட்டப்பட்டது.

பெயர் கிடைத்துவிட்டது, வேலை முடியவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் கினிப் பன்றியையும் கோழி முட்டையையும் தேடிக்கொண்டிருக்க எந்த மருத்துவமனையால் முடியும்? சாதாரண ஆய்வுக்கூடத்திலும் இதை வளர்க்கக்கூடிய ஓர் அகார்த் தட்டு தேவைப்பட்டது. அதே மையத்தில் பணியாற்றிய ராபர்ட் வீவர் பலவகை ஊடகங்களை முயன்று பார்த்தார். அவற்றுள் ஒன்றில்தான் அது வளர்ந்தது. இரத்தத்தின் சிவப்பு நிறப் பொருளான ஹீமோகுளோபினும், ஊட்டப்பொருள்கள் பல கலந்த ஒரு செறிவுக் கலவையும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன.

வளர்ந்தது சரி, எதனால் வளர்ந்தது? அந்த இரண்டு கலவைகளிலும் எத்தனையோ பொருள்கள் இருந்தன. ஜேம்ஸ் ஃபீலியும் அவருடைய குழுவினரும் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தனர். ஒரு குழம்பு சுவையாக இருக்கிறது என்றால், அந்தச் சுவை எந்தச் சரக்கிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது போன்ற பொறுமையான வேலை இது. முடிவு வியப்பளித்தது. ஹீமோகுளோபின் முழுவதும் தேவையில்லை. அதிலுள்ள இரும்பே போதும். செறிவுக் கலவை முழுவதும் தேவையில்லை. அதிலிருந்த சிஸ்டீன் என்ற ஒரே ஓர் அமினோ அமிலமே முதன்மையானது. இரும்பு உப்பையும் சிஸ்டீனையும் நேரடியாகச் சேர்த்து 1978இல் அவர்கள் புதிய ஊடகம் ஒன்றை வெளியிட்டனர்.

பெரும்பாலான பாக்டீரியாக்கள் சிஸ்டீனைத் தாமே உருவாக்கிக்கொள்ளும். லெஜியோனெல்லாவுக்கு அந்தத் திறன் இல்லை. சர்க்கரையையும் அது பெரிதாக நாடுவதில்லை. அமினோ அமிலங்களையே எரிபொருளாகக் கொள்கிறது. இரத்த அகார்த் தட்டு ஏன் வெறுமையாக இருந்தது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

ஆயினும், புதிய ஊடகத்திலும் வளர்ச்சி மிகக் குறைவாகவே இருந்தது. 1979இல் ஃபீலியின் குழு மேலும் இரண்டு மாற்றங்களைச் செய்தது. உணவாக ஈஸ்ட் சாற்றைப் பயன்படுத்தியது. அதோடு செயலூட்டிய கரித்தூளைச் சேர்த்தது. தட்டு மை போலக் கறுத்துப்போனது. ஆனால், பழைய தட்டில் கிடைத்ததைவிடப் பன்மடங்கு காலனிகள் அதில் தோன்றின.

கரி உணவு அன்று. பிறகு அது என்ன செய்கிறது? சில ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த ஆய்வுகள் விடை கூறின. ஈஸ்ட் சாறு கலந்த ஊடகத்தின் மீது வெளிச்சம் படும்போது, அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள்கள் சிறிதளவு உருவாகின்றன. காயத்தைக் கழுவ நாம் பயன்படுத்தும் அதே கிருமிக்கொல்லிதான் அது. மற்ற பாக்டீரியாக்கள் அந்தச் சிறிய அளவைத் தாங்கிக்கொள்ளும்; லெஜியோனெல்லா தாங்காது. கரித்தூள் அந்த நச்சு சேராமல் தடுத்துவிடுகிறது. அதாவது, இத்தனை காலமும் ஆய்வாளர்கள் இந்தப் பாக்டீரியாவுக்கு உணவோடு சேர்த்து நஞ்சையும் ஊட்டிக்கொண்டிருந்தனர். இது பட்டினியால் மட்டும் வளராமல் இருக்கவில்லை. என் கருத்தில், இந்த வரலாற்றிலேயே மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி இதுதான். ஒன்று வளரவில்லை என்றால் இன்னும் எதைச் சேர்க்கலாம் என்றுதான் நாம் முதலில் நினைக்கிறோம். எதை நீக்கலாம் என்று நினைப்பதற்கு நேரமாகிறது.

அடுத்த சிக்கல் அமிலத்தன்மை. லெஜியோனெல்லாவுக்கு ஏற்ற பி.எச். அளவு 6.9. அதிலிருந்து சற்று விலகினாலும் வளர்ச்சி குன்றிவிடும். எனவே, 1980இல் ஏசிஸ் என்ற தாங்கல் பொருளை ஊடகத்தில் சேர்த்தனர். அமிலமோ காரமோ சிறிது கூடினாலும் பி.எச். அளவு மாறாமல் தாங்கிப் பிடிப்பது தாங்கல் பொருளின் பணி. 1981இல் பால் எடெல்ஸ்டைன் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் என்ற பொருளையும் சேர்த்து வளர்ச்சியை மேலும் கூட்டினார். இன்றும் உலகெங்கும் பயன்படுவது இந்தக் கலவையே. ஒரு லிட்டருக்கு ஈஸ்ட் சாறு 10 கிராம், கரித்தூள் 2 கிராம், தாங்கல் பொருள் 10 கிராம், ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் 1 கிராம், சிஸ்டீன் 0.4 கிராம், இரும்பு உப்பு 0.25 கிராம், இவற்றோடு அகார்.

தயாரிக்கும் முறையிலும் கவனம் தேவை. மற்றப் பொருள்களை உயர் அழுத்த நீராவியில் சூடாக்கிக் கிருமி நீக்கலாம். சிஸ்டீனையும் இரும்பு உப்பையும் அப்படிச் சூடாக்கக் கூடாது. அவற்றைத் தனித்தனியே கரைத்து, நுண்துளை வடிகட்டியில் வடித்து, ஊடகம் 50 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். தயாரான தட்டுகளை வெளிச்சம் படாமல் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும்.

இப்போது நல்ல உணவு ஆயத்தம். ஆனால், நல்ல உணவு வைத்த இடத்துக்கு அழையா விருந்தாளிகளும் வருவார்கள். லெஜியோனெல்லா இயற்கையில் வாழும் இடம் நீர். ஆறு, குளம் ஆகியவற்றிலும், பெரிய கட்டடங்களின் கூரையில் நிற்கும் குளிரூட்டும் கோபுரங்களிலும், வெந்நீர்க் குழாய்களிலும் அது காணப்படுகிறது. அங்கெல்லாம் அது தனியாக இருப்பதில்லை. சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதனுடன் இருக்கும். அவை ஒரே நாளில் தட்டு முழுவதும் படர்ந்துவிடும். லெஜியோனெல்லாவின் காலனி கண்ணுக்குத் தெரியவே மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். நாற்று முளைப்பதற்குள் களை காட்டை மூடிவிட்டால் அறுவடை ஏது?

ஆகவே, களையெடுக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் வகுக்கப்பட்டன. முதல் வழி வெப்பம். நீர் மாதிரியை 50 டிகிரி செல்சியஸில் 30 நிமிடங்கள் வைத்தால் மற்றப் பாக்டீரியாக்களுள் பல மடியும். லெஜியோனெல்லா பெருமளவு பிழைக்கும். இரண்டாம் வழி அமிலம். பி.எச். 2.2 அளவுள்ள அமிலக் கரைசலில் சில நிமிடங்கள் வைத்தால், அதைத் தாங்கும் ஆற்றல் லெஜியோனெல்லாவுக்கு மற்றவற்றைவிட அதிகம். மூன்றாம் வழி, ஊடகத்திலேயே நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கலப்பது. பரவலாகப் பயன்படும் ஒரு கலவையில் நான்கு பொருள்கள் உள்ளன. வான்கோமைசின் ஒரு பெரும் பாக்டீரியாப் பிரிவைத் தடுக்கிறது. பாலிமிக்சின் மற்றொரு பிரிவைத் தடுக்கிறது. சைக்ளோஹெக்சிமைடு பூஞ்சைகளைத் தடுக்கிறது. கிளைசின் என்ற அமினோ அமிலம் பல பாக்டீரியாக்களின் செல்சுவர் உருவாவதைக் குலைக்கிறது.

மெக்டேட் முட்டையில் சேர்த்ததும் நுண்ணுயிர்க்கொல்லிதான். இங்கே சேர்ப்பதும் அதுதான். வேறுபாடு தேர்வில் உள்ளது. தேடும் உயிரினம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அறிந்து சேர்த்தால் மருந்து உதவுகிறது. அறியாமல் சேர்த்தால் தேடுவதையே அழித்துவிடுகிறது. அறிந்து சேர்த்தாலும் சிறு இழப்பு உண்டு. எடெல்ஸ்டைன் வகுத்த தெரிவு ஊடகத்தில் செஃபமன்டோல் என்ற மருந்து இருந்தது. லெஜியோனெல்லா நியூமோஃபிலா அதைத் தாங்கிக்கொண்டது. ஆனால், அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் இனம் அந்த மருந்தால் அழிந்தது. அந்த இனத்தின் பெயர் லெஜியோனெல்லா மிக்டேடி. மெக்டேட்டின் நினைவாகச் சூட்டப்பட்ட பெயர்! வேடிக்கையாகத் தோன்றினாலும், ஒரு நோயாளியின் நுரையீரலில் அந்த இனம் இருந்து தட்டு வெறுமையாக வந்தால் அது வேடிக்கையன்று.

இதனால்தான் தேர்ந்த ஆய்வுக்கூடங்கள் ஒரே தட்டை நம்புவதில்லை. ஒரு லிட்டர் நீரை நுண்துளை வடிகட்டியில் வடித்து, வடிகட்டியில் தங்கியதைச் சில மில்லிலிட்டர் நீரில் கலக்குகிறார்கள். அதில் ஒரு பங்கை அப்படியே தட்டில் பரப்புகிறார்கள். ஒரு பங்கை வெப்பமூட்டியும், மற்றொரு பங்கை அமிலத்தில் வைத்தும் பரப்புகிறார்கள். மருந்து கலந்த தட்டு, கலக்காத தட்டு இரண்டையும் பயன்படுத்துகிறார்கள். பிறகு, ஈரப்பதத்தோடு 36 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்துப் பத்து நாள்வரை காத்திருக்கிறார்கள். ஒரு நாளில் முடிவு கேட்டுப் பழகியவர்களுக்கு இது நீண்ட காலம்.

காலனி தோன்றியதும் அதை எப்படி அடையாளம் காண்பது? உருப்பெருக்கியில் பார்த்தால், உடைந்த கண்ணாடித் துண்டுபோல் அதன் நடுப்பகுதி மின்னும். ஓரத்தில் நீலமோ இளஞ்சிவப்போ ஒளிரும். கண்ணை மட்டும் நம்பாமல் எளிய சோதனை ஒன்றும் செய்வார்கள். அதே காலனியைச் சிஸ்டீன் உள்ள தட்டிலும் சிஸ்டீன் இல்லாத தட்டிலும் தடவுவார்கள். முதல் தட்டில் வளர்ந்து இரண்டாம் தட்டில் வளரவில்லை என்றால், அது பெரும்பாலும் லெஜியோனெல்லாதான். ஒரு காலத்தில் ஆய்வாளர்களை ஏமாற்றிய அதே குறைபாடு இப்போது அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இன்று சிறுநீரைச் சோதித்துச் சிறிது நேரத்திலேயே இந்நோயைக் கண்டறியும் முறை உண்டு. பிறகு எதற்காக இத்தனை பாடுபட்டு வளர்க்க வேண்டும்? லெஜியோனெல்லாவில் 60க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. சிறுநீர்ச் சோதனை முதன்மையாக நியூமோஃபிலா இனத்தின் ஒரு வகையை மட்டுமே காட்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஓர் ஊரில் பத்துப் பேருக்கு இந்நோய் வந்தால், அவர்கள் மூச்சில் கலந்த நீர்த்துளி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். வணிக வளாகத்தின் குளிரூட்டும் கோபுரமா, மருத்துவமனையின் வெந்நீர்க் குழாயா, நீரூற்றா? நோயாளியின் சளியிலிருந்தும் அந்த நீர்நிலைகளிலிருந்தும் பாக்டீரியாவை வளர்த்தெடுத்து, இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். எந்தக் கோபுரத்தை மூடிச் சுத்தம் செய்வது என்பது அந்தத் தட்டில் உள்ளது. ஃபிலடெல்ஃபியாவில் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. பாக்டீரியாவை வளர்க்கத் தெரிந்தபோது விடுதி மூடப்பட்டிருந்தது. குளிரூட்டும் கருவியின் நீரே காரணம் என்று பரவலாகக் கருதப்பட்டாலும், அதை ஐயமற நிறுவ முடியவில்லை.

மருத்துவத்திலும் இதன் பயன் பெரிது. லெஜியோனெல்லா நம் உடலின் பாதுகாப்புச் செல்களுக்குள் புகுந்து அங்கேயே பெருகுகிறது. பென்சிலின் போன்ற மருந்துகள் அந்தச் செல்களுக்குள் சென்று அதைத் தாக்குவதில்லை, எரித்ரோமைசின் தாக்குகிறது. 1980இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ரோபாதம் என்ற ஆய்வாளர், நீரில் வாழும் அமீபாக்களுக்குள்ளும் இது இதே வகையில் பெருகுவதைக் காட்டினார். அமீபா இதை விழுங்குகிறது. ஆனால், செரிக்க முடிவதில்லை. எந்தத் தட்டிலும் வளர மறுக்கும் மாதிரிகளை இப்போது சில ஆய்வுக்கூடங்கள் முதலில் அமீபாக்களோடு சேர்த்து வைத்து, பிறகு கறுப்புத் தட்டுக்கு மாற்றுகின்றன.

லெஜியோனெல்லாவை வளர்க்கும் வழி தெரிந்ததும், ஆய்வாளர்கள் குளிர்ப்பெட்டிகளில் உறைந்து கிடந்த பழைய மாதிரிகளை வெளியே எடுத்தனர். 1968ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் பாண்டியாக் நகரில், சுகாதாரத் துறைக் கட்டடம் ஒன்றில் 144 பேருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்திருந்தது. அவர்களின் சீரத்திலும் லெஜியோனெல்லாவுக்கு எதிரான நோய் எதிர்ப்பொருள் இருந்தது. இன்னொரு குப்பி அதைவிடப் பழையது. 1947இல், காய்ச்சல் கண்ட ஒருவரின் இரத்தம் செலுத்தப்பட்ட கினிப் பன்றியிலிருந்து பிரித்து, பெயர் தெரியாமலேயே பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த பாக்டீரியா அதில் இருந்தது. 1979இல் அதன் மரபணுவைச் சோதித்தபோது, அதுவும் லெஜியோனெல்லா நியூமோஃபிலா என்று தெரியவந்தது.